நம் வீட்டு எண்ணில் இனி ஒரு பெயர்

தம்பி,

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் சில ஞாயிற்றுக்கிழமைகளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கூப்பிடுவாய். சாப்பிட்டாயா என்பேன், அங்கே குளிர் எப்படி என்பேன். குழந்தை ஓடி வந்து கேமராவில் மூக்கை வைத்து அழுத்துவாள். அதற்குள் நீ "சரிம்மா, அடுத்த வாரம்" என்பாய். சொல்ல நினைத்தது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். இத்தனை வருஷம் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவள், சொந்தப் பிள்ளைக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான். கையெழுத்து கொஞ்சம் கோணியிருந்தால் பொறுத்துக்கொள். கோவில்பத்தில் இன்று பகல் முழுக்க மழை. பள்ளிக்கூடம் விடுமுறை. வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை.

போன மாதம் நீ ரொம்ப உற்சாகமாக ஒன்றைச் சொன்னாய். தொகுதிகளை மறுபடியும் பிரிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கனடா வரைக்கும் வந்திருக்கிறது போலிருக்கிறது. "அம்மா, எங்க ஆபீஸ்ல மேப் போடுற மென்பொருள் இருக்கு. மக்கள்தொகைக் கணக்கைக் கொடுத்தா போதும், எல்லாத் தொகுதியும் சமமா, கோணல்மாணல் இல்லாம ஒரு நிமிஷத்துல பிரிச்சுக் கொடுத்துடும். எந்தக் கட்சிக்காரனும் நடுவுல கை வைக்க முடியாது" என்றாய். நான் "ம்" கொட்டினேன். "என்னம்மா, லைன் கட்டாகுதா?" என்று கேட்டாய். கட்டாகவில்லை. நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தொகுதி பிரிக்கிற அந்த எல்லைக்கோட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது. அதைச் சொன்னால் உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதனால்தான் "ம்" மட்டும் கொட்டினேன்.

நீ முதல் ஓட்டுப் போட்ட நாளை நினைத்துப் பார். தொகுதிகளைப் புதிதாகப் பிரித்த பிறகு வந்த தேர்தல் அது. நீ காலையிலேயே நம் தெருப் பள்ளியில் ஓட்டுப் போட்டுவிட்டு, மை காய்வதற்குள் அப்பாவுடைய பைக்கை எடுத்துக்கொண்டு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய். அப்போது நான் போலகத்துக்குக் கிழக்கே, கடலோரக் குப்பத்துப் பள்ளியில் வேலை பார்த்தேன். வாக்குச்சாவடி நிலை அலுவலர் பொறுப்பும் என் தலையில். பேர்தான் பெரிசு. அந்தச் சாவடிக்கு உட்பட்ட தெருக்களில் யார் இருக்கிறார்கள், யார் இறந்துபோனார்கள், யார் வீடு மாறினார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து, பட்டியலைச் சரியாக வைத்திருக்கவேண்டும். தேர்தல் அன்று வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அவர்கள் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லவேண்டும்.

புதிய கோடு அந்தக் குப்பத்தின் குறுக்கே ஓடுகிற வாய்க்கால் வழியாகப் போனது. தாளில் பார்த்தால் அழகான கோடு. வாய்க்கால்தானே எல்லை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாய்க்காலுக்கு வடக்கே இருந்த இரண்டு தெருக்கள் ஒரு தொகுதிக்கும், தெற்கே இருந்த மற்ற தெருக்கள் இன்னொரு தொகுதிக்கும் போய்விட்டன. அக்கா வடகரையில், தம்பி தென்கரையில். ஒரே வலையைச் சேர்ந்து இழுக்கிறவர்களுக்கு இரண்டு எம்.எல்.ஏ. கோடு போடுவதற்கு முன்னால் ஆட்சேபம் கேட்டார்கள். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. வாரநாளில், பகல் பதினொரு மணிக்கு, டவுனில். அந்த நேரத்தில் குப்பத்து ஆண்கள் கடலிலிருந்து திரும்பி வலையை உதறிக்கொண்டிருப்பார்கள், பெண்கள் கூடையோடு தெருத்தெருவாகப் போயிருப்பார்கள். அறிவிப்பு வந்தது பேப்பரில்.

பட்டியலையெல்லாம் பிரித்து, எண் மாற்றி, மறுபடி சரிபார்க்கச் சொல்லி எங்களிடம் கொடுத்தார்கள். ஒரு வீடு பூட்டியிருந்தால் மூன்று தடவை போகவேண்டும். மூன்று தடவையும் ஆள் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் விசாரித்து, குடிபெயர்ந்துவிட்டார் என்று எழுதலாம். வடகரையில் கடைசித் தெருவில் அஞ்சலை என்று ஒரு அம்மா, தனியாக இருந்தாள். மீன் ஏலம் எடுத்துப் பக்கத்து ஊர்களில் விற்கிறவள். விடியுமுன் துறைமுகத்துக்குப் போனால் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் திரும்புவாள். நான் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் காலை பத்து மணிக்கு, பள்ளியில் மணியடித்துப் பிள்ளைகளைச் சத்துணவு டீச்சரிடம் விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தது. பூட்டு. மூன்றாவது தடவை போகவில்லை. அன்று வெயில் அதிகம், எனக்குத் தலைவலி, மறுநாள் பட்டியல் கொடுத்தாகவேண்டும். தேதிகள் எழுதும் இடத்தில் மூன்றாவது தேதியையும் நானே எழுதினேன். பக்கத்து வீட்டிலும் கேட்கவில்லை. 'நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீ சாப்பாட்டுத் தூக்கை என் மேஜைமேல் வைத்த நேரத்தில்தான் அஞ்சலை வந்தாள். குளித்து, ஈரத்தலையை முடிந்து, நல்ல புடவை கட்டியிருந்தாள். நான் பட்டியலைப் புரட்டினேன். பெயர் எங்கேயும் இருக்காது என்று எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் புரட்டினேன். மூன்று பக்கம் புரட்டிவிட்டு, "உங்க பேரு இல்லையேம்மா" என்றேன்.

"எப்படி டீச்சர் இல்லாம போகும்? போன தடவ போட்டேனே."

"வீடு பூட்டியிருந்துச்சு. குடிபெயர்ந்துட்டீங்கன்னு வந்திருக்கு."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏலத்த விட்டுட்டு வந்திருக்கேன் டீச்சர்" என்றாள்.  பிறகு, "நான் எங்க டீச்சர் குடிபோவேன்? எனக்குப் போறதுக்கு வேற ஊரா இருக்கு? பக்கத்து வீட்டுல ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்கள்ல" என்று கேட்டாள். நீதான் பொறுக்கமாட்டாமல் உள்ளே ஓடினாய். "சார், அடையாள அட்டை இருக்கு, ஆளு இருக்காங்க, ஏதாவது வழி பண்ணுங்க சார்" என்று நீ உள்ளே கேட்டது எனக்கு வெளியே கேட்டது. பட்டியலில் இல்லாவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அஞ்சலை தன் கைவிரலைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டு, படி இறங்கிப் போனாள்.

சாயங்காலம் பைக்கில் திரும்பும்போது கேட்டாய். "அம்மா, நீ மூணு தடவை போனியா?" நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் முகம் உனக்குத் தெரியவில்லை. "போனேன்டா" என்றேன்.  "அப்ப உன் மேல தப்பு இல்லம்மா. ரூல்ஸ்தான் தப்பு" என்றாய். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னாய். உனக்குக் கல்யாணமான புதிதில் உன் மனைவி என்னிடம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "அத்தை, உங்கள பத்திப் பேச ஆரம்பிச்சா இவர் நிறுத்தமாட்டாரு. எங்கம்மா ஒரு ஓட்டுக்காக ஒரே வீட்டுக்கு மூணு தடவை நடப்பாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்வாரு." அன்றைக்குச் சமையலறையில் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ என்னை நினைத்துப் பெருமைப்பட்டது நான் செய்யாத ஒரு காரியத்துக்காக. இது உனக்குத் தெரியவேண்டும்.

தேர்தல் முடிந்து ஒரு வாரம் கழித்து மூன்று மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்று, புதிதாகச் சேர்ப்பதற்கான படிவத்தை நிரப்பினேன். கைநாட்டுக்கு மை டப்பாவை நீட்டிய பிறகுதான், "கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டேன். "போடுவேன். நீங்க மொதல்ல கேக்கலியே" என்று சொல்லிவிட்டு நிதானமாக ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். நான் போகவில்லை, தேதியைப் பொய்யாக எழுதினேன் என்று அவளிடம் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. அலுவலகத்திலும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம். வெட்கம்தான் அதிகம்.

அதற்குப் பிறகு ஒன்று மட்டும் செய்தேன். ஒவ்வொரு வருஷமும் வரைவுப் பட்டியல் வந்ததும், குப்பத்துப் பஞ்சாயத்துக் கொட்டகையில், எல்லோரும் வீட்டில் இருக்கிற சாயங்கால நேரத்தில் உட்கார்ந்து, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை சத்தமாகப் படித்தேன். முதல் வருஷம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். "அவ கல்யாணம் ஆயி நாகூருக்குப் போயி ரெண்டு புள்ள பெத்துட்டா டீச்சர், இன்னும் இங்கயே வச்சிருக்கீங்களே" என்று ஒரு குரல் வரும், எல்லோரும் சிரிப்பார்கள். ஒருத்தி தன் புருஷன் பெயருக்குப் பதிலாக மாமனார் பெயர் இருப்பதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் படம் தம்பி பெயரிலும், தம்பி படம் அண்ணன் பெயரிலும் இருந்தது. விட்டுப்போனவர்கள் அங்கேயே எழுந்து நின்றார்கள், அங்கேயே எழுதிக்கொண்டேன். யார் எந்தச் சாவடிக்குப் போகவேண்டும், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எந்தத் தொகுதி, அந்தப் பக்கம் எந்தத் தொகுதி என்பதையும் அங்கேதான் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். மேற்பார்வை அலுவலர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ஏம்மா இந்த வேலை? சுவத்துல ஒட்டிட்டா நம்ம கடமை முடிஞ்சுது" என்றார். நான் சரி சார் என்று சொல்லிவிட்டு அடுத்த வருஷமும் படித்தேன்.

அடுத்த தேர்தலில் அஞ்சலை வந்தாள். பட்டியலில் அவள் பெயரைத் திறந்தே வைத்திருந்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், ஓட்டுப் போட்டாள், வெளியே வந்தாள், என் மேஜையைக் கடந்து போனாள். என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் மாற்றலாகிக் கோவில்பத்துப் பள்ளிக்கு வந்துவிட்டேன். அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது. நான் என்ன செய்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் நினைக்கிறேன்.

இதனால்தான் உன் கோட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன். உன் மென்பொருள் நியாயமாகத்தான் பிரிக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கட்சிக்காரர்கள் தங்களுக்குத் தோதாக வளைத்துப் போடுகிற கோட்டைவிட அது எவ்வளவோ மேல். யூனியன் பிரதேசத்திலிருந்து துண்டாகத் தள்ளிக் கிடக்கிற நம் மாவட்டத்துக்கு இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய உறுப்பினர்கள். நடுவில் இன்னொரு மாநிலத்தைப் பஸ்ஸில் கடந்துபோனால்தான் நம் சட்டசபையையே கண்ணால் பார்க்க முடியும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கோடு இப்படியா அப்படியா என்பது பெரிய விஷயம். ஆனால் கோடு போட்ட பிறகு ஒரு ஆள் அந்தத் தெருவில் நடந்துபோகவேண்டும் தம்பி. அந்த ஆளுக்கு அன்று தலை வலிக்கலாம். கோடு போடுவதற்கு முன்னாலும் யாராவது அந்தத் தெருவுக்கு, அவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் போய், இப்படிப் பிரிக்கப்போகிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கவேண்டும். உன் வேலையில் எப்போதாவது இதைச் சொல்ல இடம் கிடைத்தால் சொல். எங்கம்மா சொன்னாள் என்று சொல்லவேண்டாம்.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கோவில்பத்துப் பள்ளிக்கு மாறி வந்த பிறகு நம் தெருவும் என் பட்டியலில்தான் வந்தது. அப்பா காலமானபோது அவர் பெயரை நானே நீக்கினேன். படிவத்தில் 'விண்ணப்பதாரருக்கு என்ன உறவு' என்ற இடத்தில் 'கணவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ காரியத்துக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போயிருந்தாய். அதற்குப் பிறகு நம் வீட்டு எண்ணில் இரண்டு பெயர். என் பெயர், அதற்குக் கீழே உன் பெயர். நீ இந்த ஊரில் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வெளியூர் போனவர்கள் பெயரை எடுக்கவேண்டும் என்பதும் தெரியும். எதிர்வீட்டுக் கமலாவின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அவன் பெயரை நீக்கியபோது கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். அது ஒண்ணுதான் அவன் இந்த வீட்டுப் புள்ளன்னு கெவுர்மென்ட்ல இருக்கு." நான் அவளுக்குச் சட்டத்தைப் படித்துக்காட்டினேன். உன் பெயரை மட்டும் வருஷா வருஷம் தாண்டிப்போனேன். ஒருநாள் கமலா சாதாரணமாகத்தான் கேட்டாள்: "உங்க புள்ள பேரு மட்டும் இருக்குதே டீச்சர்?" நான் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இந்த வருஷம் பட்டியல் முழுவதையும் அடியிலிருந்து திருத்துகிறார்கள். ஒவ்வொருவர் பெயரும் படமும் அச்சடித்த படிவம் கட்டுக்கட்டாக வந்தது. பிரித்து அடுக்கும்போது உன் படிவம் வந்தது. பதினெட்டு வயதில் எடுத்த படம். மீசை சரியாக முளைக்காமல், சட்டைக் காலர் ஒருபக்கம் மடிந்து, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிறாய். தெரு முழுக்கக் கொடுத்து, நிரப்பி, திருப்பி வாங்கிவிட்டேன். உன்னுடையது மட்டும் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. நீ இந்தியக் குடிமகனாக இருந்தால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது, அதில் பெயரை வைத்துக்கொள்ளலாம், நேரில் வந்தால் ஓட்டும் போடலாம். அந்தப் படிவத்தையும் எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்கலாம் என்றிருந்தேன்.

அதற்குள் உன் மனைவி ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டாள். பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். நான் இருப்பது ஞாபகம் வந்திருக்கும். நான் பார்த்துவிட்டேன். ஒரு கூடத்தில் பலரோடு நின்று வலதுகையை உயர்த்தியிருக்கிறாய். குழந்தை கையில் சின்னக் கொடி. அது எந்த நாட்டுக் கொடி என்று எனக்குத் தெரியும், தம்பி. சமூக அறிவியல் டீச்சர்தானே நான்.

கோபம் இல்லை. உண்மையில் முதலில் வந்தது கோபம்தான், ஆனால் அது அன்றைக்கே போய்விட்டது. உனக்கு அங்கே வீடு இருக்கிறது, பிள்ளை அங்கே பிறந்திருக்கிறாள், அந்த ஊர்க் காரியங்களில் உனக்குச் சொல் வேண்டும். ஒரு நாட்டில் இருந்துகொண்டு அங்கே ஓட்டில்லாமல் இருப்பது நல்லதில்லை. நம் ஊரிலேயே, பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்துக் குடியுரிமையோடு, இங்கே குடியிருந்துகொண்டு பிரான்சுக்கு ஓட்டுப் போடுகிற குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அவர்களை யாரும் நம்மவர் இல்லை என்று சொன்னதில்லை. எனக்கு வலித்தது நீ என்னிடம் சொல்லாதது. அப்புறம்தான் யோசித்தேன். பதினைந்து வருஷமாக ஒரு தேதியைப் பற்றிச் சொல்லாமல் இருந்தவள் உன்னைக் கேட்கலாமா? நீ பயந்திருப்பாய். அம்மா தனியாக இருக்கிறாள், இதைக் கேட்டால் உடைந்துபோவாள் என்று நினைத்திருப்பாய். உடையவில்லை. வீடு முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இரண்டு அறையைப் பூட்டியே வைத்திருக்கிறேன்.

போன வாரம் திங்கட்கிழமை உன் படிவத்தில் காரணத்தை எழுதி, கட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். வரைவுப் பட்டியல் நேற்று வந்தது. நம் பள்ளி வளாகத்தில் சாயங்காலம் உட்கார்ந்து படித்தேன். தெருக்காரர்கள் ஒரு இருபது பேர் இருந்தார்கள். கமலாவும் முன்வரிசையில் இருந்தாள். நம் வீட்டு எண் வந்தது. என் பெயரைப் படித்தேன். வழக்கமாக அடுத்து உன் பெயர் வருவதால் வாய் தானாகத் திறந்துவிட்டது. கீழே அடுத்த வீட்டு எண். யாரோ பின்னாலிருந்து, "டீச்சர், உங்க புள்ள பேரு விட்டுப்போச்சு" என்றார்கள். "விட்டுப்போகல. அவன் அந்த நாட்டுக் குடிமகன் ஆயிட்டான்" என்றேன். நான் முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். அதற்குப் பிறகு மீதிப் பெயர்களையெல்லாம் படித்து முடித்தேன். எல்லோரும் போன பிறகு கமலா மட்டும் நாற்காலியிலிருந்து எழாமல் இருந்தாள். "வாங்க டீச்சர், எங்க வீட்டுல தோசைக்கு மாவு இருக்கு" என்றாள். போனேன். இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசவே இல்லை. சட்னியில் உப்புக் குறைவு என்று பேசிக்கொண்டோம்.

வருகிற மே மாதத்தோடு நான் ஓய்வு பெறுகிறேன். இந்தப் பட்டியல் வேலையும் அதோடு முடிந்தது. என்னை அங்கே வந்து இருக்கச் சொல்வாய். கேட்கிறாய் என்பதே போதும், இப்போதைக்கு வரமாட்டேன். நீ வரும்போது விருந்தாளியாக வரவேண்டும் என்று கூச்சப்படாதே. விசா வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளைக்கும் அதே மீன்குழம்புதான்.

உனக்கு அங்கே முதல் தேர்தல் வரும். அன்று உனக்கு எத்தனை மணியோ, எனக்கு எத்தனை மணியோ, பார்க்காதே, ஓட்டுப் போட்டு முடித்ததும் என்னைக் கூப்பிடு. யாருக்குப் போட்டாய் என்று கேட்கமாட்டேன். வரிசை நீளமாக இருந்ததா, எவ்வளவு நேரம் நின்றாய், உனக்கு முன்னால் நின்றவர் யார், அவரோடு பேசினாயா, அதைச் சொல். விவரமாகச் சொல். எனக்கு நேரம் இருக்கிறது.

உன்
அம்மா